பல்லடத்தில் போட்ட இண்டிகேட்டர்

காரில் ஏதாவது விநோதச் சத்தம் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். பாதிக் கோளாறுகள் அப்போதே சரியாகிவிடும்!

போன வியாழக்கிழமையும் அப்படித்தான் கையை நீட்டினேன். என் சித்தி மகள் சுதா தடுத்துவிட்டாள். கார் அவளுடையது, ஓட்டியதும் அவள்தான்.

சுதா திருப்பூர் பக்கம் மங்கலத்தில் குழந்தைகள் உடை தைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறாள். இதுவரை பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் மட்டும்தான். முதல் முறையாக துணி வாங்க வந்த ஒரு வெளிநாட்டு பையர் அவளிடமே நேரடியாக சாம்பிள் கேட்டிருந்தார். கோவையில் ஹோட்டலில் தங்கியிருந்த அவருக்குச் சாயங்காலம் ஃப்ளைட். அதற்குள் காட்டினால் ஆர்டர். இல்லாவிட்டால்... மறுபடி ஜாப் ஒர்க்.

தேய்த்த ஃப்ராக்குகள் ஹேங்கரோடு பின்சீட் ஜன்னலில் தொங்கின. நான் எதற்கு? கூடமாட இங்கிலீஷ் பேச.

"ஏனுங்ணா, பின்சீட்டுக்கு அடியில ரீய்னு ஒரு சத்தம் கேக்குதுங்களா?"

"டயரா இருக்கும் அம்மிணி."

"இல்லீங்ணா. ஃப்யூவல் பம்ப் அங்கதான இருக்குது. காலைல ஸ்டார்ட் ஆகறதுக்கே ரொம்ப நேரம் இழுத்துச்சுங்க."

முன்னால் பனியன் பண்டல் ஏற்றிய லாரி. முந்தப் பார்த்தாள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி திணறியது, குலுங்கியது... பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. "பாரு, சரியாயிருச்சு" என்றேன்.

"மெதுவாப் போனா ஓடுது, மிதிச்சா இழுக்கலை. இன்ஜினுக்கு பெட்ரோல் பத்தலீங்ணா."

ஏ.சி.யை அணைத்தாள். பல்லடம் வந்ததும் வண்டியை ஓரங்கட்ட இண்டிகேட்டரைப் போட்டாள். எனக்குப் பதறிவிட்டது. நன்றாகத்தானே ஓடுகிறது? உருட்டிக்கொண்டே கோவை போய்விட மாட்டோமா?

"ஓடுறப்பவே எறங்கிக்கலாமுங்ணா. நடுவழில நின்னா அங்க பஸ்ஸும் நிக்காதுங்க."

தெரிந்த மெக்கானிக் ஷெட் வாசலில் காரை விட்டுவிட்டு, ஹேங்கர்களைத் தூக்கிக்கொண்டு கோவை பஸ் ஏறினோம். கண்டக்டர் அவற்றைக் கம்பியில் மாட்டிவிட்டார். பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்களாக இருக்கும் நம் ஊர் பஸ்ஸில் ஃப்ராக் தொங்கினால் சும்மா விடுவார்களா? நின்றிருந்த ஒரு அம்மா உள்பக்கம் திருப்பி ஓரத் தையலைப் பார்த்தார். "ஓவர்லாக் நல்லா இருக்குதுங்க" என்று சர்டிஃபிகேட் கொடுத்தார். பக்கத்து சீட்டுப் பெண் கைப்பையிலிருந்து நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்து ஒரு பிசிர் நூலை வெட்டிவிட்டார். விமானம் ஏறும் முன்பே ஏற்றுமதித் தரம்!

பையர் ஃப்ராக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓகே சொன்னார். ஹோட்டல் வாசலுக்கு வந்தோம்.

அப்போது மெக்கானிக் சுதாவைப் போனில் அழைத்தார். "ஷெட்டுக்குள்ள ஏத்தலாம்னு சாவியத் திருப்புனனுங்க. பம்ப்பு சத்தமே இல்லீங்க, செத்துப்போச்சு. எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டுவீங்களா? டேங்க்ல இருக்கற பெட்ரோல்தானுங்க பம்ப்பச் சூடாகாமக் காப்பாத்துது."

யூனிட் கார் அல்லவா? துணிக்குச் சாயமேற்றும் டையிங்குக்கு ஒருவர், பிரிண்டிங்குக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு எடுத்துப் போவார்கள். பெட்ரோலை மட்டும் அடுத்தவர் போடுவார்.

ஆர்டர் கிடைத்ததற்காக வீட்டில் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். நான் வியப்பது வேறொன்றுக்கு. நின்றுபோன வண்டியிலிருந்து யார் வேண்டுமானாலும் இறங்கிவிடலாம்.

அவள், ஓடிக்கொண்டிருந்த வண்டியை விட்டு இறங்கியவள்!