கோரமண்டலுக்கும் பங்காரப்பேட்டைக்கும் நடுவே

போன மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா ஒருவர் இருந்தார். கேசரியில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கைபேசியை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். நீதிமன்ற இணையதளம். பெயர் கேட்கும் கட்டத்தில் என் அக்கா கணவரின் பெயரை அடித்துத் தேடியிருந்தார். வந்திருந்தது திவால் மனு. மனுதாரர் மாமா. எதிர்மனுதாரர்கள் என்று ஒரு ரயில் பெட்டியே வரிசையாக நின்றது. வழக்கின் நிலை: முடிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. இப்பல்லாம் ஜாதகத்துக்கு முன்னாடி எல்லாரும் இதைத்தான் பாக்கறாங்க" என்றார்.

"அவரேதான். இறந்துட்டாருங்க" என்றேன்.

"அது இதுல போடலியே" என்றார் அவர், குறையைச் சுட்டிக்காட்டும் குரலில். மீதிக் கேசரியையும் சாப்பிட்டார். ஊருக்குப் போய்ப் பேசுகிறோம் என்றார்கள். பேசவில்லை. நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன் என்று என்னைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்கள். திவாலும் சேர்ந்தால் எந்தக் குடும்பம் தாங்கும்? ஆனால் அந்தக் கைபேசித் திரை என்னை விடவில்லை. அதிலிருந்த ஒவ்வொரு பெயருக்கும் உரிய கை எது, முழங்கை எது, செருப்பு எது என்று எனக்குத் தெரியும். இணையதளத்தில் அந்த வசதி இன்னும் வரவில்லை.

தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊர் ஆண்களுக்கு விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்குப் போவதே வேலை; அங்கே போய்ச் செய்வது உபரி. மாமா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். நான் அப்போது ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வருடக்கணக்கில் அதே பெட்டி, அதே இருக்கை, அதே தோள்மேல் அதே தூக்கம். அந்தப் பெட்டியில் மாமா ஏலச்சீட்டு நடத்தினார். சம்பளம் வந்த மறுநாள் காலை, வண்டி கோரமண்டல் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியதும் ஏலம் தொடங்கும். பங்காரப்பேட்டைக்குள் முடிந்தாக வேண்டும். அங்கே வெளியாட்கள் ஏறிவிடுவார்கள். நடுவில் கிடைக்கும் அந்தச் சொற்ப நேரத்தில் எத்தனையோ பெண்களுக்குக் கல்யாணமும் பையன்களுக்குக் காலேஜும் முடிவாகியிருக்கின்றன. சுரங்கத்துக்குள் ஷிஃப்ட்டுக்கு இறங்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் அவர்களுடைய அப்பாக்கள் ஒருவரை ஒருவர் நம்பிய மாதிரி இவர்கள் மாமாவை நம்பினார்கள்.

சீட்டை முதலிலேயே எடுத்த இரண்டு பேர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார்கள். மாமா அவர்கள் பங்கையும் சேர்த்துக் கட்டினார். முதலில் சம்பளத்தில், பிறகு அக்காவின் நகையில், பிறகு கந்துக்கடனில். ஒரு மாதம் அதுவும் கிடைக்கவில்லை.

முதல் அடி அந்த மாதம் விழுந்தது. அடித்தவர் ஃபிட்டர். அவர் வேலை செய்த இடத்தில் மட்டுமல்ல, பெட்டியிலும் அவருக்கு அதுதான் பெயர். மகளை நர்ஸிங்கில் சேர்க்க வைத்திருந்த சீட்டு அது. கோரமண்டல் தாண்டியதும் எழுந்தார். மாமாவின் கையிலிருந்த டிபன் கேரியரை வாங்கிப் பத்திரமாக மேல்பலகையில் வைத்தார். மாமாவின் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அப்புறம் அறைந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். எங்கள் பெட்டியில் எதையும் கூடிச் செய்வதுதான் வழக்கம்.

"எப்படா தருவ?"

"தந்துடறேன்."

"தந்துடு."

பங்காரப்பேட்டை பிளாட்பாரம் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஃபிட்டர் டிபன் கேரியரை இறக்கிக் கொடுத்தார். மாமா வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். அடுத்த மாதமும் சம்பளத்துக்கு மறுநாள் அதே நேரம், அதே கேள்வி, அதே பதில். ஏலம் நடந்த நேரத்தில் அடி நடந்தது, தவணை தவறவில்லை. ஒருமுறை காதில் ரத்தம் வந்தது. ஒருமுறை விலா. நடுவில் மாட்டிய எனக்கு முன்பல் ஒன்று போயிற்று. வீரத்தால் அல்ல, கண்ணாடியைக் கொடுக்க மாமாவின் அருகில் போனபோது யாருடைய முழங்கையோ திரும்பிவிட்டது.

"லீவு போடுங்க மாமா. இல்லனா பஸ்ல போங்க" என்று கெஞ்சினேன்.

"நான் ரயிலுக்குப் போவலன்னா அவனுங்க வூட்டுக்கு வருவானுங்க. வூட்ல பொண்ணு கீது. அடி அங்கயே இருக்கட்டும்" என்றார்.

முதுகுக்கு எண்ணெய் தேய்க்கும்போது அக்கா காயங்களைப் பார்த்துவிட்டாள். மறுநாளே ஆண்டர்சன்பேட்டை வக்கீல் ஒருவரிடம் அவரை இழுத்துப் போனாள். இப்படியே போனால் இன்னொரு சம்பள தேதிக்கு இந்த மனுஷன் உயிரோடு இருப்பாரா என்பது ஒன்றுதான் அவளுடைய கணக்கு. வக்கீல் சுருக்கமாகச் சொன்னார்: "ஐ.பி. போட்டுடுங்க. திவால்னு கோர்ட்டு சொல்லிட்டா யாரும் உங்களப் புடிச்சி உள்ள போட முடியாது."

"அடிப்பாங்களே சார்?" என்றாள் அக்கா.

"கோர்ட்டு பாதுகாப்பு கைதுக்குத்தாம்மா. கன்னத்துக்கு இல்ல. ஆனா ஒண்ணும் தேறாதுன்னு தெரிஞ்சா எவன் கைய நோவடிச்சிப்பான்?"

மனுவில் கடன் கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயரும், தகப்பன் பெயரும், விலாசமும் வேண்டும் என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டார் மாமா. அத்தனை வருடம் சேர்ந்து போயும் அவருக்குத் தெரிந்தவை ஃபிட்டர், தயிர்சாதம், ஜன்னல், சின்ன ஜன்னல் என்ற பட்டப்பெயர்கள்தான். இந்தப் பெயர்களுக்கு எந்தக் கோர்ட்டும் நோட்டீஸ் அனுப்பாது. திடீரென்று ஒருவன் தகப்பன் பெயரைக் கேட்டால் திவால் என்று மஞ்சள் நோட்டீஸ் வரப்போகிறது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

மாமா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நம் வண்டிக்கு இன்னொரு பெட்டி சேர்க்கச் சொல்லி ரயில்வேக்கு மனு போடப் போவதாக அறிவித்தார். சாயங்கால வண்டியில் நின்றுகொண்டே திரும்பிக் கால் வீங்கிய கூட்டம் அது. போன வாரம் அவரை உதைத்தவர்கள்கூட எழுந்து வந்து பெயர், தகப்பன் பெயர், விலாசம் எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். ஃபிட்டர் தகப்பன் பெயரை எழுதும்போது பேனாவை நிறுத்தினார். "எங்கப்பா சுரங்க ஷாஃப்ட்ல போனவரு. பாடியே கெடைக்கல. பேரு போடலாமா?" என்று கேட்டார். "போடுப்பா" என்றார் மாமா.

நோட்டீஸ் எல்லோர் வீட்டுக்கும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தது. மஞ்சள் என்று பெயரே தவிர, வந்தது சாதாரண வெள்ளைத் தாள். அடுத்த காலையே கோரமண்டல் வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை. மாமா ஏறியதும் கதவருகிலேயே பிடித்துக்கொண்டார்கள். டிபன் கேரியரை யாரும் வாங்கி வைக்கவில்லை. அது திறந்து சோறு தரையெல்லாம் சிதறியது, அதில் வழுக்கி வழுக்கி அடித்தார்கள்.

"எங்கடா பெட்டி?" என்று கத்தினார் தயிர்சாதம். பணத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "எங்கடா இன்னொரு பெட்டி?"

ஃபிட்டர் மட்டும் கத்தவில்லை. மாமாவின் வலது கையை முறுக்கிக் கதவுக் கம்பிக்கு வெளியே இழுத்துப் பிடித்திருந்தார். "செத்தவர் பேர வாங்கிப் போயி கோர்ட்டுல நிறுத்தினியேடா" என்று காதருகில் சொன்னார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் பாதி உடம்பு வெளியே இருந்தது. முழங்கை உடைந்த சத்தம் சக்கரச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். என் எடையைப் பற்றி வாழ்நாளில் நான் பெருமைப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது மாமா, "கால் வழுக்கிடுச்சி" என்றார். என்னைப் பார்த்தார். "வழுக்கிடுச்சி" என்றேன் நானும்.

வழக்கு இழுத்தது. அடியும் அவ்வப்போது தொடர்ந்தது, பழைய இடத்தில், பழைய முறையில். கட்டுப்போட்ட கையை மட்டும் விட்டுவிடுவார்கள். "தந்துடறேன்" என்பார் மாமா. "தந்துடு" என்பார்கள். கடைசியில் கோர்ட் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது. எதிர்த்து வாதாட யாரும் வரவில்லை. ஒருநாள் சம்பளம் போய்விடுமே.

தீர்ப்புக்குப் பிறகு வந்த முதல் சம்பளத்துக்கு மறுநாள் மாமா வழக்கம்போல் கிளம்பினார். வேண்டாம் என்று அக்கா அழுதாள். கோரமண்டல் தாண்டியது. மாமா தானே கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். யாரும் எழவில்லை. சிலர் தூங்கினார்கள், சிலர் கைபேசியில் கிரிக்கெட் பார்த்தார்கள். மாமா மெல்ல எழுந்து போய் ஃபிட்டரின் எதிரே நின்றார்.

"தந்துடறேன்பா" என்றார்.

ஃபிட்டர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவர் மாமாவை அழைத்தது இரண்டு விதமாகத்தான். நல்ல நாளில் அண்ணே, அடிக்கும்போது டேய்.

"அதெல்லாம் முடிஞ்சிடுச்சி சார். ஜட்ஜே சொல்லிட்டாரு. உக்காருங்க" என்றார்.

சாயங்காலம் நான் அக்காவிடம் செய்தியைச் சொன்னதும் அவள் சாமி படத்துக்கு முன் நின்று கும்பிட்டாள். கடைக்கு ஓடிப்போய்க் கோழி வாங்கி வந்தாள். மகளை மடியில் இழுத்துப்போட்டுத் தலை பின்னிவிட்டாள். மாமாவுக்கு நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டாள். அவர் ஒரு வாய் எடுத்து மென்றுகொண்டே இருந்தார். பிறகு இடது கையால் தன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். கொசு என்று நினைத்தேன். இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது. மூன்றாவதில் அக்கா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள். கோணலாகக் கூடியிருந்த மற்றக் கை எழுந்தது. அதை நான் பிடித்தேன். அத்தனை மாத அடியிலும் அழாதவர் அன்று வாய்விட்டு அழுதார். மெலிந்த மனிதர், ஆனால் நாங்கள் இருவர் சேர்ந்தும் அடக்க முடியவில்லை.

"வுடுங்க. எப்படா தருவன்னு யாராச்சும் கேக்கணும் இல்ல?" என்றார்.