பன்றிகள் அறிந்த லோறன்ஸ்

எதையும் ஒருதரம் மணந்து பார்க்காமல் லோறன்ஸ் கையில் வாங்கமாட்டார். மீன், மரக்கறி என்றால் சரி. மனிசன் புதுச் சப்பாத்தையும் மணப்பார், கடையில் தரும் மிச்சக் காசையும் மணப்பார். ஞானஸ்நான வீட்டில் பிள்ளையைத் தூக்கித் தந்தால் முத்தம் பிறகுதான், முதலில் உச்சந்தலையில் மூக்கு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து பேர்ளி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லித் திருத்துகிற வயதை அவர் எப்போதோ தாண்டிவிட்டார்.

பாரிஸின் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் மிளகாயும் மல்லியும் வறுத்துத் தூளாக்குவது அவருடைய வேலை. "வறுபட்டது காணுமோ எண்டு கண் சொல்லாது, மூக்குத்தான் சொல்லும்" என்பார். அந்த மூக்கின் மேல் அவருக்கு அவ்வளவு பெருமை. அதை நம்பித்தான் வில்வேட்டைக்கும் இறங்கினார்.

ஆசையை மூட்டியவர் அந்துவான். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர். தூள் வாங்க வந்தால் ஒரு வேட்டைக் கதையும் சொல்லாமல் போகமாட்டார். ப்ரென் பக்கம், குளமும் சேறும் நாணலுமாய்ப் போனுக்குச் சிக்னலே எட்டாத ஒரு சதுப்புக்காடு. அவரும் கூட்டாளிகளும் இலையுதிர் காலத்தில் அங்கே காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார்கள்.

"துப்பாக்கி யார் வேணா சுடலாம்பா. வில்லுன்னா பன்னி உன் காலடிக்கு வரணும். உன் வாசம் அதுக்குத் தெரிஞ்சுதோ, அவ்வளவுதான். போயே போச்சு."

"மணம் எண்டால் அது என்ரை பாடம், அண்ணை" என்றார் லோறன்ஸ்.

பாரிஸுக்கு வந்ததிலிருந்து கடை, கோயில், கலியாண மண்டபம் என்பதைத் தவிர அவர் வேறெங்கும் போனவரில்லை. அப்படிப்பட்டவர் பெர்மிக்கு, அதுதான் வேட்டை அனுமதிப் பத்திரத்துக்கு, படித்தார். முதல்முறை தவறினார், இரண்டாம் முறை எடுத்தார். வில்லுக்கென்று தனிப் பயிற்சியும் முடித்தார். கடைக்கு வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்லியும் விட்டார். இனி மிச்சமிருந்தது மரி-லூயிஸ் ஒருத்திதான். சதுப்பு அவளுடைய குடும்பத்துக் காணி, வேட்டைக் குழுவும் அவளுடைய சொல்லுக்குள். அவளிடம் ஒரேயொரு சட்டம் இருந்தது: உடம்பு மணக்கிறவன் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில் ஏறக்கூடாது. புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு அந்துவான் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் காத்திருக்கிற இன்னொருவனுக்குப் போய்விடும்.

அதனால் மார்க்ஸ் டோர்மோயில் இருந்த அவர்களுடைய சிறிய வீடு பன்றிகளின் விருப்பப்படி நடக்கத் தொடங்கியது. கருவாடு பொரிக்கக்கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. சவர்க்காரம் மணமில்லாததாய் இருக்க வேண்டும். லோறன்ஸ் அவித்த உருளைக்கிழங்கை உப்பில்லாமல் தின்றார். பேர்ளி பக்கத்திலிருந்து இறால் குழம்பை விரலால் வழித்துச் சாப்பிட்டாள்.

"அங்காலை போய்ச் சாப்பிடுமன். ஆவி என்னிலை பிடிக்குது."

"பண்டி கேட்டால் மனிசிதான் இறால் திண்டவள், நானில்லை எண்டு சொல்லுங்கோ."

பரணில் அசையாமல் இருந்து பழக, கலியாணம் முடித்துப் போன மகளின் மேல்தட்டுக் கட்டிலில் ஏறிக் குந்தியிருந்தார். பேர்ளி வேண்டுமென்றே கீழே நின்று, "இஞ்சருங்கோ, உங்கடை தங்கச்சி போனிலை" என்பாள். அவர் வாயைத் திறக்கமாட்டார். கண் மட்டும் உருளும். சேற்றுக்கென்று வாங்கிய, தொடை வரை ஏறும் றப்பர் சப்பாத்து ஒழுகுமோ என்று பார்க்கக் குளியல் தொட்டியை நிரப்பி அதற்குள் வில்லோடு நின்றார். கீழ்வீட்டுக்காரி தண்ணீர் சொட்டுகிறதென்று கதவைத் தட்டினாள். தோளில் துவாயும் கையில் வில்லுமாய்ப் போய்த் திறந்தவரைக் கண்டதும், பரவாயில்லை மிஸ்யே, பிறகு வருகிறேன் என்று திரும்பிப் போய்விட்டாள்.

வேட்டை உடுப்புக்குக் காற்றுப் போகாத பாத்திரம் வேண்டும் என்று அந்துவான் சொல்லியிருந்தார். லோறன்ஸ் கடையிலிருந்து நீல வாளி ஒன்றைக் கொண்டுவந்தார். எலுமிச்சங்காய் ஊறுகாய் வந்த வாளி. மூடியைத் திறக்க முழங்காலால் மிதிக்க வேண்டும், அவ்வளவு இறுக்கம். சோடா போட்டுக் கழுவி, வெயிலில் வைத்து, தலையை உள்ளே விட்டு மணந்தார்.

"ஒண்டுமில்லை. சுத்தம்."

பேர்ளியும் தலையை விட்டுப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் மணக்கவில்லை. வன்சேன் காட்டிலிருந்து அள்ளிவந்த சருகையும் சேற்றையும் உடுப்போடு சேர்த்து அடைத்து மூடினார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து அந்துவான் வந்தார். லோறன்ஸ் வாளியை நடு வீட்டில் வைத்து, நகைப்பெட்டி திறப்பதுபோல் மூடியைத் திறந்தார். அந்துவான் குனிந்தார். நிமிர்ந்தார். பேர்ளியின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒரு தட்டு சோறு இருக்குமா?"

"ஏன் அண்ணை, பசிக்குதோ?"

"வர்றப்போ பசிக்கல. இந்த வாளியத் தொறந்ததும் பசிக்குது."

லோறன்ஸ் பாய்ந்து வாளிக்குள் தலையை விட்டார். சருகு மணந்தது, சேறு மணந்தது. வேறொன்றும் இல்லை. அந்துவான் அவரை எழுப்பி நிறுத்திக் காதடி, பிடரி, உள்ளங்கை என்று ஒவ்வொரு இடமாய் மோப்பம் பிடித்தார்.

"வாளிய விடுப்பா. நீயே ஊறுகா. தோலுக்குள்ள ஏறியிருக்கு. எத்தினி வருஷமா வறுக்கற? உன் மூக்கு அதையெல்லாம் கணக்குலயே சேர்க்கறதில்ல. தங்கச்சி மூக்கும் அப்படித்தான்."

லோறன்ஸ் கதிரையில் இருந்தார். உருளைக்கிழங்கு தின்று மெலிந்த முகம் இன்னும் சின்னதாயிற்று. இவ்வளவு நாளும் பகிடி பண்ணிய பேர்ளிக்கு அந்த நேரம் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு இந்த மனிசன் கடையில் என்ன சொல்லப்போகிறார் என்றுதான் யோசித்தாள்.

அந்துவான் பொய் சொல்லமாட்டார். சொன்னாலும் மரி-லூயிஸ் காரிலேயே மணந்துவிடுவாள். அங்கேயே நின்று அவளுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் அவளுடைய குரல் கேட்டது: நோ. காட்டில் உள்ள பன்றியெல்லாம் ஓடிவிடும்.

பேர்ளிக்குக் கோபம் வந்தது.

"ஓடுற பண்டி எங்கையாவது போய்த்தானே ஆகவேணும்? அது போற பக்கம் அவவைப் போய்க் குந்தியிருக்கச் சொல்லுங்கோ. என்ரை மனிசன் இஞ்சாலை நிண்டு கலைப்பார்."

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். அந்துவான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார். மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் மரி-லூயிஸ் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், எந்த நாணலுக்குள் பன்றி படுக்கும் என்று அந்துவானோடு கதைக்கத் தொடங்கினாள். நாய் விட்டால் பன்றி வெருண்டு பறக்கும். மணத்துக்கென்றால் மெல்ல எழும்பி நடக்கும். வில்லுக்கு அதுதான் வேண்டும்.

"அப்ப நான் வில்லுக்காரன் இல்லையோ? சாம்பிராணித் தட்டோ?" என்று லோறன்ஸ் கத்தினார்.

"போறீங்களோ, இல்லையோ? அதைச் சொல்லுங்கோ."

போனார். வில்லையும் கொண்டுதான் போனார். காற்று வருகிற பக்கம் தொடையளவு சேற்றில் போய் நின்றார். சற்று நேரத்தில் நாணல் அசைந்தது. பன்றிகள் எழும்பி, முணுமுணுத்துக்கொண்டு, மரி-லூயிஸ் இருந்த பரணைப் பார்த்து நடந்தன. அவர் கண்டது வால்களை மட்டும்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவர் பங்கு இறைச்சியை மேசையில் வைத்துவிட்டு, "என்னை மணந்தவுடனை எழும்பினதுகள்" என்றார். பேர்ளி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அதில் கவலை இல்லை.

வருஷங்கள் சில போய்விட்டன. லோறன்ஸ் இப்போதும் அந்தக் குழுவில் இருக்கிறார். வீட்டில் கருவாடு பொரிபடுகிறது. சதுப்புக்குப் புறப்படுகிற கிழமை அவர் குளிக்கக்கூடாது என்பது மரி-லூயிஸின் கட்டளை. ஒவ்வொரு முறையும் வில்லை எண்ணெய்த் துணியால் துடைத்து எடுத்துப் போகிறார். இன்றுவரை ஒரு பன்றிமேலும் அவர் அம்பு விட்டதில்லை.