தார்ப்பாய் சேகருக்குக் கேட்ட பூ

லாரியின் தார்ப்பாய் கிழிந்தால்தான் காளியாத்தாளைத் தெரியவரும். சங்ககிரிப் பக்கம் ஓட்டுநர் வீட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் அப்படித்தான் அறிமுகமானாள். அப்பாவோடு பாயை இறக்கப் போனால், பைபாஸ் ஓரத்துத் தகரக் கொட்டகையில், விரித்துப்போட்ட பச்சைப் பாயின் நடுவே குளத்தில் இறங்கியவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். கையில் கோணி ஊசி. நிமிர்ந்து பார்க்காமலே கேட்பாள்.

"காத்துல கிழிஞ்சுதுங்களா, கத்தியில கிழிஞ்சுதுங்களா?"

காற்று என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். கத்தி என்றால் கூடவே ஒரு சாபமும் வரும். கணவாய் ஏற்றத்தில் வண்டி மூச்சுவாங்கி ஊர்ந்து ஏறும்போது பின்னால் தொற்றி, பாயை அறுத்து, மூட்டையை உருட்டிவிடுகிறவனை லாரிக்காரர்கள் கொலைகாரனைவிடக் கேவலமாக நினைப்பார்கள். 'அவன் கை அழுக, அவன் குடி கெட' என்று சொல்லிக்கொண்டேதான் பாயை இறக்குவார்கள். காளியாத்தாளும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அவன் வெளங்குவானுங்களா" என்று ஒரு வார்த்தை சேர்த்து வைப்பாள். பல வருசத்துப் பழக்கம் அது. பாயை வாங்கினால் சாபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு ஆடி மாசத்தோடு அந்த ஒரு வார்த்தையை அவள் நிறுத்திக்கொண்டாள். கொட்டகையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அவள் மகன் தீனதயாளன் வடநாட்டு லோடுக்குக் கிளீனராகப் போனவன். தர்மபுரி தாண்டி ஒரு செக்போஸ்ட்டில் போலீஸார் வண்டியை நிறுத்திப் பார்த்தபோது பாய் அறுபட்டிருந்தது, நாலு பேல் துணியைக் காணவில்லை. ஓட்டுநர் இருட்டில் இறங்கி ஓடிவிட்டான். நின்றவன் தீனதயாளன். இரண்டு பேரும் சேர்ந்து அறுத்து விற்றதாகச் சொல்லி, நின்றவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கொட்டகையில் கேட்டபோது, "குஜராத் லோடு. வர நாளாகும்" என்று சொல்லிவிட்டாள். தாலியறுத்த வருசத்திலிருந்து ஊசியைப் பிடித்து வளர்த்த பிள்ளை. தார்ப்பாய் தைக்கிறவள் மகன் தார்ப்பாய் அறுத்தான் என்று ஊர் பேசுவதை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

இலவச வக்கீலாக வந்தவள் மைதிலி. நெசவுத் தெருவிலிருந்து சட்டம் படித்த முதல் பெண். கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் வைத்து நல்ல சேதிதான் சொன்னாள்.

"ஜாமீன் குடுத்துட்டாங்கம்மா. சொந்த ஊடு இருக்கற ரெண்டு பேரு வந்து கையெழுத்துப் போட்டாப் போதும், தம்பியக் கூட்டிட்டுப் போயிரலாம். அப்பிடி யாராச்சும் இருக்காங்களா?"

காளியாத்தாள் எருமப்பட்டியில் இருக்கும் தன் தம்பியைக் கேட்டாள். தம்பி பெண்டாட்டி போனை வாங்கி, "எங்களுக்கும் பொட்டப்புள்ள இருக்குதுங்க அண்ணி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மிச்சம் இருந்தது கொட்டகைதான். முதலாளி ஜெகதீஸ்வரனுக்குச் சொந்த வீடு உண்டு. கூடத் தைக்கும் சௌந்திரத்தின் புருசனுக்கும் உண்டு. இரண்டு பேரும் நல்லவர்கள். வாயைத் திறந்து கேட்கவேண்டியதுதான் பாக்கி.

ஆனால் மத்தியானம் ஒன்றரை மணிக்கு அந்த நாடகம் வந்துவிடும்.

'எல்லைக் காவல்' என்ற போலீஸ் நாடகம். சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டகை மொத்தமும் டி.வி. முன்னால் கூடும், பட்டறைக்காரர்கள், டீக்கடைக்காரர், வண்டி நிறுத்திய ஓட்டுநர்கள் எல்லாரும் வருவார்கள். அந்த வருசத்து வில்லன் தார்ப்பாய் சேகர். ஓடும் லாரியில் ஏறிப் பாயை அறுக்கிறவன். வேறு ஊரில் அவன் வெறும் வில்லன். சங்ககிரியில் அவன் சொந்தப் பகையாளி.

"எச்சக்கலை வந்துட்டான் பாரு!"

"அந்த இன்ஸ்பெக்டரு என்னத்துக்கு இன்னும் பேசீட்டே இருக்கறான்? லத்தியில போடச் சொல்லுங்கடா."

"அவனையப் பெத்தவளச் சொல்லோணும். இப்பிடியொன்னப் பெத்துத் தெருவுல உட்ருக்கறாளே," என்பாள் சௌந்திரம், மோர்மிளகாயைக் கடித்தபடி.

காளியாத்தாள் பாதிச் சோற்றோடு போசியை மூடிவிடுவாள். சேகரின் முகம் தீனதயாளன் முகம் மாதிரி ஒன்றுமில்லை. ஆனால் நாடகத்து லாக்கப்பில் சேகரின் சட்டையைக் கழற்றினார்கள் ஒருநாள். விலா எலும்பு தெரிந்தது. அன்றிலிருந்து அவன் அடிவாங்கும்போதெல்லாம் அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

இப்போது கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று நாள் போயிற்று. நாடகத்தில் சேகர் கொஞ்சம் நல்லவனாகிவிட்டால் இவர்கள் மனசும் கொஞ்சம் இளகும், அன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று ஒரு கணக்கு அவளுக்குள் உட்கார்ந்துவிட்டது. அதற்கு வழி இருக்கிற மாதிரியும் தெரிந்தது. சேகருக்கு ஜாமீன் கிடைத்தது. ஊரில் அம்மா இருப்பதாக ஒருநாள் காட்டினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் மாரியம்மன் கோயிலுக்குப் பூக் கேட்கப் போனாள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து, நினைத்ததைச் சொல்லி, ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் நடக்கும். சிவப்பு வந்தால் நடக்காது. அதற்குமேல் யாரும் வாதாட மாட்டார்கள்.

"யாரு பேருக்குங்கொ?" பூசாரி கேட்டார்.

தீனதயாளன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சிவப்பு வந்துவிட்டால்? அப்புறம் எந்த நம்பிக்கையில் ஜெயில் வாசலில் போய் நிற்பது?

"சேகருங்க."

"என்ன வேண்டுதலை?"

"கேசுல இருந்து தப்பிச்சு ஊடு வந்து சேருவானான்னு."

"ஒறவுங்களா?"

"புள்ளை மாதிரிங்க."

பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை. காளியாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அடுத்த நாளே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

பூசாரி சௌந்திரத்துக்கு அண்ணன் முறை. சனிக்கிழமை மத்தியானம் போசியைத் திறப்பதற்குள் சேதி கொட்டகைக்கு வந்துவிட்டது.

"ஏனக்கா, எந்தச் சேகருக்குப் பூக் கேட்டீங்க? நம்ம சனத்துல சேகருன்னு ஆருமே இல்லையே!" என்றாள் சௌந்திரம்.

காளியாத்தாளின் கண் தன்னையறியாமல் டி.வி.யின் பக்கம் போய் வந்தது. போதாதா? கொட்டகை கொல்லென்று சிரித்தது.

"அட, தார்ப்பாய் சேகருக்குங்களா! அம்மன் என்னங்க சொல்லுச்சு, அடுத்த வாரக் கதை சொல்லுச்சா?"

"காளியக்கா அவனுக்குப் பொண்ணு பாத்துருவாங்கடா."

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டால் கேட்பது சுலபமாகிவிடும் என்று தோன்றியது. சிரிப்பு அடங்கட்டும், நாடகம் முடியட்டும், முதலாளி கை கழுவ எழும்போது கேட்டுவிடலாம். "மொதலாளி, ஒரு சின்ன ஒத்தாசை" என்று ஆரம்பிக்கவேண்டும். மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அன்றைய நாடகத்தில் ஜாமீனில் வந்த சேகர் தலைமறைவானான். ஒரு கரும்புக்காட்டுக்குள் துரத்தினார்கள். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவனை இன்ஸ்பெக்டர் சுட்டார். சேகர் காய்ந்த கரும்புச் சோகைமேல் சரிந்தான்.

விசில் தகரக்கூரையில் மோதித் திரும்பியது. ஒரு ஓட்டுநர் வண்டியில் ஏறி ஹாரனை அழுத்திப் பிடித்தான். ஜெகதீஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

"எல்லாருக்கும் என் கணக்குல டீயும் பன்னும் சொல்லுப்பா! இவனுக்கெல்லாம் ஜாமீன் குடுத்ததே தப்பு. நாயமாப் பாத்தா, ஜாமீன் கையெழுத்துப் போட்டான் பாரு, அவனையும் சேத்துச் சுட்டிருக்கோணும்."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். அவர் கை கழுவப் போனார். காளியாத்தாள் எழவில்லை. அவள் முன்னால் வைத்த பன் ஆறு மணி வரைக்கும் அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. மனுப் போட்டுப் பார்க்கப் போகும்போது கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று தீனதயாளன் கேட்பான். "ஆளு கெடச்சுதாம்மா?"

"பாத்துட்டிருக்கேன் சாமி."

மாசி பிறந்து, ஓடிப்போன ஓட்டுநர் வேறொரு கேசில் சிக்கினான். துணியை விற்றது தான்தான், கிளீனர் பையன் தூங்கிக்கொண்டிருந்தான் என்று அவனே சொல்லிவிட்டான். மைதிலி அலைந்து தீனதயாளனை வெளியே கொண்டுவந்தாள். அப்போதுதான் கொட்டகைக்கு விசயம் தெரிந்தது. ஜெகதீஸ்வரன் அவள் முன்னால் வந்து பாய்மேல் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லங்க்கா? தீனா நாங்க பாத்து வளந்த பையனுங்க. ஓடியாந்து போட்டிருப்பனே."

"நீங்கதானுங்களே சொன்னீங்க, கையெழுத்துப் போட்டவனையும் சுடோணும்னு."

"அய்யோ, அது டி.வி.ங்க்கா!"

"எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியலீங்களே சாமி."

சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெத்தவளைச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

வீட்டில்தான் அதைவிடப் பெரிய கேள்வி காத்திருந்தது. தீனதயாளன் சாப்பிட்டு முடித்து, தட்டில் கை வைத்தபடியே கேட்டான்.

"ஆராரையம்மா கேட்ட?"

மாமனைச் சொன்னாள். அதற்குமேல் பெயர் இல்லை.

"மொதலாளியக் கேட்டியா?"

"இல்ல சாமி."

"ஏன்?"

நாடகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சேகர், பூ, டீ, பன். சொல்லச்சொல்ல அது அவள் காதுக்கே பைத்தியக்காரப் பேச்சாகக் கேட்டது. அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெல்லச் சொன்னான். "அறுத்திருப்பான்னு நீயும் நெனச்சிருக்கற. அதான் கேக்குல."

இல்லை என்று உடனே சொல்லியிருக்கவேண்டும். ஜெயிலில் முதல்முறை அவனைப் பார்த்த அன்று, ஒரே ஒரு கணம், 'செஞ்சிருப்பானோ' என்று அவளுக்குள் ஓடியது உண்மை. பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்ல வரவில்லை. அவள் பேசாமல் இருந்தாள். அந்த நேரம்தான் அவனுக்குப் பதிலாகிவிட்டது. விடிந்ததும் பையை எடுத்தான். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றான்.

"அம்மன் பொய் சொல்லலீங்க," என்று பின்னால் ஒருநாள் மைதிலியிடம் சொன்னாள் காளியாத்தாள். "வாயி சேகருன்னுச்சு. மனசு தீனான்னுச்சு. அவ எம் மனசுல இருந்ததுக்குத்தான் வெள்ளை குடுத்தா. நாந்தான் டி.வி.ல செத்தவனப் பாத்துட்டு, பூ பொய்யின்னு நெனச்சுட்டேன்."

தீனதயாளன் இப்போது வடக்கே பிவண்டியில் ஒரு குடோனில் லோடு ஏற்றுகிறான். அந்தப் பக்கம் போய்வரும் ஓட்டுநர்கள் அவன் நன்றாக இருக்கிறான் என்று சொல்கிறார்கள். அவன் போன் செய்வதில்லை. காளியாத்தாள் அதே கொட்டகையில், டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைக்கிறாள். காற்றா, கத்தியா என்று யாரையும் இப்போது கேட்பதில்லை.