கிளியின் கன்னத்தில் ஒரு புள்ளி

1931ஆம் ஆண்டு ஆகஸ்டு முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது, எங்கள் இராயபுரத்துச் சந்து முழுவதும் வேலம்பட்டை வேகும் வாடை நிறைந்திருந்தது. மூச்சை இழுத்தாலே பல் கூசும் துவர்ப்பு வாடை அது. ஐந்தரைக்கு எழுந்து தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன். ஆறு மணிக்கு அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டினேன். ஏழு மணிக்குக் கூழ் குடித்துவிட்டு, பதினொரு வயதிலேயே எனக்கிருந்த வழக்கப்படி நோட்டில் தேதி எழுதிக் கோடு போட்டு, அதன்கீழே 'இன்று சாயம்' என்று எழுதினேன்.

சாயம் ஏற வேண்டியது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்துக்கு. அக்கா செல்லம்மாவுக்குப் புதன்கிழமை கல்யாணம். சீர்ச் சாமான்களை ஏற்றிப்போகத் திங்கள் காலை பத்து மணிக்குத் திருவொற்றியூர் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வண்டி வருவதாக இருந்தது. அப்பாவை நாங்கள் 'நைனா' என்போம். துறைமுகக் கொட்டகையில் உடைந்த பெட்டிகளைச் சீர்செய்வது அவர் வேலை. கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையைக் கேட்டு வாங்கிவந்து, நூல் போன்ற அலகு பூட்டிய 'வில் ரம்பத்தால்' இரண்டு மாதம் அறுத்து, கொடியும் பூவுமாக, இரண்டு கிளிகள் எதிரெதிரே பார்க்கும்படி ஒரு வேலைப்பாடு செய்திருந்தார். அதைத் தேக்குச் சட்டத்தின்மேல் இருபத்திரண்டு சிறு இரும்பு ஆணிகளால் பதித்தும் ஆகிவிட்டது. ஆனால் பலகை கஞ்சிபோல் வெளுத்துக் கிடந்தது.

என்ன நிறம் என்பதில் ஒரு வாரமாக வீடு இரண்டுபட்டிருந்தது.

"எங்க தொரை ரூம்ல மேசை நாற்காலி பூராக் கறுப்பு. இன்னா கௌரவமா கீது தெரியுமா?" என்பார் நைனா.

"கல்யாண வூட்லேர்ந்து கறுப்பா ஒரு சாமான் போவுமா? சம்பந்தியம்மா வாசல்லியே நிறுத்திடுவாங்க" என்பாள் அம்மா.

"தொரையா என்னியக் கட்டிக்கப் போறாரு?" என்று அக்கா நடுவில் புகுந்து சிரிப்பாள். கடைசியில், "எதையும் எழுதி வெச்சிக்கினு திரியறாளே, பாப்பாவே சொல்லட்டும்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுத்து மிஞ்சிய சில்லுகளில் ஏழு பொறுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் மையால் எண் எழுதி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நீரில் ஊறவைத்தேன். காப்பி டிக்காஷனில் ஊறியது அழுக்குத் துணிபோல் ஆயிற்று. மஞ்சள் முதல்நாள் தகதகவென்றிருந்து, மூன்று நாள் வெயிலில் காணாமலே போயிற்று. கிணற்றில் போடும் ஊதா உப்பு ஊதாவாக ஏறி, கண்ணெதிரே பழுப்பாக மாறி என்னை ஏமாற்றியது. காய்ந்த சில்லுகள் ஒவ்வொன்றிலும் பாதிக்கு மட்டும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் பூசினேன். பாலிஷ் பட்டால் எந்த நிறமும் ஒரு படி கறுக்கும் என்பதையும் குறித்துக்கொண்டேன். தேறியது ஆறாம் எண்தான். பழுத்த புளியம்பழ ஓட்டின் நிறம். அம்மாவுக்கும் பிடித்தது, நைனாவுக்கும் பிடித்தது.

ஆறாம் எண், எதிர்வீட்டு ரோசம்மா அக்கா வலைகளுக்கு ஏற்றும் பட்டைச் சாயம்; போன தடவை காய்ச்சி மிஞ்சியதில் சில்லை ஊறவைத்திருந்தேன். நூல்வலை உப்புத் தண்ணீரில் மக்காமலிருக்க மாதம் ஒருமுறை வேலம்பட்டையை வேகவைத்து அதில் வலையை முக்குவார்கள். அந்த ஞாயிறன்று புதுச் சாயத்தைச் செம்பில் ஊற்றிக் கொடுக்கும்போது ரோசம்மா அக்கா சொன்னாள்: "இத்த மண்பானையிலதான் காச்சணும் கண்ணு. இரும்புச் சட்டில வெச்சா வலையே கரியாட்டம் கறுத்துப் பூடும்." அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி.

பகல் மூன்று மணிக்கு நைனா துணிப்பந்தால் சாயத்தை ஒற்றி ஒற்றி ஏற்றினார். கிளிகள் சிவந்து வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால், இருபத்திரண்டு ஆணியைச் சுற்றியும் இருபத்திரண்டு நீலக்கறுப்பு வட்டங்கள்.

"ஐயோ, கிளிக்கு அம்மை போட்டுட்ச்சி!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. நான் ஏழு சில்லுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூட ஆணி இல்லை.

"இதான் சாக்குன்னு பூராத்தையும் கறுப்பாக்கிடலாமே" என்றார் நைனா, முகத்தில் சந்தோஷத்தை மறைக்க முடியாமல்.

"வுட்டா துக்க வூட்டுக்கே அனுப்பிச்சிடுவே! ஆணியப் புடுங்கு மொதல்ல" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய், நைனாவின் வேட்டியில் துருக்கறை பட்டால் தேய்க்கும் எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் எடுத்துவந்தாள். நைனா ஆணிகளைப் பிடுங்கப் பிடுங்க, அம்மா ஒவ்வொரு வட்டமாகத் தேய்த்தாள். கறுப்பு கலங்கி, மங்கி, மறைந்தது. நான் பின்னாலேயே ஈரத்துணியால் துடைத்து எண்ணிக்கொண்டு வந்தேன். இருபத்தொன்று ஆயிற்று. மிச்சமிருந்தது வலப்பக்கக் கிளியின் கன்னத்தில் ஒன்று.

"அத்த மட்டும் வுட்டுடும்மா. திருஷ்டிக்கு இருக்கட்டும்" என்றாள் அக்கா.

அம்மா எலுமிச்சம்பழமும் கையுமாக நிமிர்ந்தாள். காலையில் அக்காவின் கன்னத்தில் தானே வைத்த மைப்பொட்டைப் பார்த்தாள், கிளியைப் பார்த்தாள். பிறகு பழத்தைக் கீழே வைத்துவிட்டாள். நைனா ஆணித் துளைகளில் மூங்கில் குச்சி சீவி அடித்தார். தேய்த்த இடங்களுக்கு மறுபடி சாயம் ஏற்றினோம். விளக்கு வைப்பதற்குள் அரக்குப் பாலிஷும் பூசியாயிற்று.

எத்தனையோ வருஷம் கழித்து, போன மாதம் அக்கா வீட்டுக்குத் திருவொற்றியூர் போயிருந்தேன். சட்டத்தில் கண்ணாடி இரண்டு தடவை மாறிவிட்டது. கிளியின் புள்ளி மாறவில்லை. நைனாவும் அம்மாவும் இல்லை. ரோசம்மா அக்காவின் பேரன்கள் நைலான் வலை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பட்டையும் வேண்டாம், பானையும் வேண்டாம். சந்தில் அந்த வாடை நின்று சில வருஷங்கள் ஆகின்றன. ஏழு சில்லுகள் என்று சொன்னேன். என் பெட்டியில் இருப்பவை எட்டு.

சீர் வண்டி வந்த அந்தத் திங்கட்கிழமை காலை, குழாய்க்குப் போவதற்கும் முன்னால், முதல் வேலையாக ஒரு புதுச் சில்லில் ஆணி அடித்து, செம்பில் மிஞ்சியிருந்த சாயத்தில் போட்டேன். அது கறுக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, முதுகில் எட்டு என்று எழுதினேன்.