ஐஸ் டிப்போவில் தூங்கிய கிழங்குகள்

தாராவியில் ஆறுமுகத்தாயைத் தெரிந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவள் கோபம்தான். குழாயடியில் அவள் வாளியை யாராவது நகர்த்தி வைத்தால் அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சுத்தான். அவள் புருஷன் சொரிமுத்து தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவன், அதிகம் பேசாதவன். "அவ வைதா காது கொடுத்துக் கேட்டுக்கிடணும், பதில் சொல்லப்பிடாது" என்பான். 1964இலும் 65இலும் அவள் கோபப்பட்டதற்கு மட்டும் அவனே நியாயம் சொன்னான்.

அவள் செம்பூரில் ஓர் ஆபீசர் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தாள். சயானில் பஸ் பிடித்துக் காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். வேலை என்னவோ மாலி வேலைதான், தோட்டக்காரனுக்கு அங்கே அப்படித்தான் பெயர். ஆனால் பெண் என்பதால் பெயர் 'தண்ணி ஊத்துறவ'. பங்களாவின் பின்பக்கம் இரண்டு பெரிய மாமரங்கள் நின்றன. அதற்கப்பால் ஓர் உயர்ந்த மதில். வெயில் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. ரோஜா வைத்தார்கள், செத்தது. புல் வைத்தார்கள், பாசிதான் வந்தது. கடைசியில் அந்த இடத்தை ஆறுமுகத்தாயிடம் விட்டுவிட்டார்கள். அவள் மாவிலைகளை மக்கவைத்து மண்ணில் கலந்து, பெரணியும் சேம்பும் வைத்துப் பச்சென்று ஆக்கினாள்.

ஆபீசரின் மனைவி ஷ்யாமளா மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு வருஷம் லண்டனில் இருந்துவிட்டு 1963 அக்டோபரில் கப்பலில் திரும்பியபோது, ஈரப்பாசியில் சுற்றிய பன்னிரண்டு கிழங்குகளைக் கொண்டுவந்தாள். அஸ்டில்பி என்று பெயர். ஒரு புத்தகத்தில் படம் காட்டினாள். இளஞ்சிவப்பில், பஞ்சுமாதிரி, நுனி கூர்ந்த குஞ்சம் குஞ்சமாகப் பூ.

"நிழல்லதான் வருமாம். வேர் காயப்படாது. நீதான் பாத்துக்கணும்."

ஆறுமுகத்தாய் அதற்குக் குஞ்சப்பூ என்று பெயர் வைத்து, மாமரத்தடியில் நட்டாள். இலை வந்தது, பூ வரவில்லை. மே மாதக் காங்கையில் இலையோரம் தீய்ந்தது. தினம் மூன்று வேளை தண்ணீர் விட்டாள், ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டினாள். ஜூலை மழையில் ஐந்து கிழங்குகள் அழுகிப்போயின. மிச்சம் ஏழைத் தோண்டி எடுத்து, செங்கல் சல்லி போட்டு மேடாக்கித் திரும்ப வைத்துக் காப்பாற்றினாள்.

டிசம்பரில் ஒருநாள் ஷ்யாமளா புத்தகத்தோடு வந்தாள்.

"இது இங்கே பூக்கவே பூக்காதாம் ஆறுமுகத்தாய். குளிர்காலத்துல மூணு மாசம் பனிக்கடியில தூங்கினாத்தான் பூக்குமாம். பம்பாய்ல பனிக்கு எங்கே போறது? பிடுங்கிக் குப்பைல போட்டுடு."

"உசுரோட இருக்கத எப்படிம்மா பிடுங்கிப் போட? வீட்டுல ஐஸ் பொட்டி இருக்குல்லா, அதுல ஒரு ஓரமா வைங்க."

"ஃப்ரிட்ஜ்லயா? மண்ணோட கிழங்கையா? பாலும் தயிரும் வைக்கற இடம். உனக்கென்ன பைத்தியமா? போட்டுடுன்னா போட்டுடு."

ஒரு வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்ததை ஒரே வார்த்தையில் குப்பை என்றது அவளுக்குப் பொறுக்கவில்லை. கிழங்குகளைத் தோண்டினாள். ஆனால் குப்பையில் போடவில்லை. ஈரப்பாசியில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து தாராவிக்கு எடுத்துப் போனாள்.

அவள் தெருமுனையில் ஜமால் பாயின் ஐஸ் டிப்போ இருந்தது. மேலப்பாளையத்துக்காரர். மீன்காரர்களுக்கு ஐஸ் கொடுப்பவர். மரத்தூளுக்குள் கட்டி கட்டியாக ஐஸ் அடுக்கியிருக்கும். மீன்காரர்கள் விற்காத மீன்கூடைகளையும் அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

"இந்த டின்னு மூணு மாசம் ஐஸ் மேல இருக்கணும் பாய்."

ஜமால் டின்னைத் திறந்து பார்த்தார். "என்ன தங்கச்சி இது, இஞ்சியா?"

"பூச்செடி. தூங்கணுமாம்."

அவர் மூடியைத் திரும்பப் போட்டார். பிறகு டின்னை மீன்கூடைகளுக்குப் பின்னால் ஓர் ஐஸ் கட்டியின் மேல் வைத்தார். வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவள் போய்ப் பார்ப்பாள். பாசி காய்ந்திருந்தால் நனைப்பாள். கட்டி கரைந்திருந்தால் டின்னை வேறு கட்டிக்கு மாற்றுவாள்.

மார்ச் தொடக்கத்தில் கிழங்குகளில் சிவப்பாக முளை தெரிந்தது. அவள் குடிசையைச் சுற்றி ஒரு சாண் மண் கிடையாது. நிழலும் ஈரமும் உள்ள ஒரே இடம் அந்த மாமரத்தடிதான். பங்களாவுக்கே திரும்பக் கொண்டுபோய் நட்டாள். ஷ்யாமளாவிடம் சொன்னாள். அவள் சிரித்துவிட்டு, "என்னமோ பண்ணு" என்று உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் கடைசியில் ஏழும் பூத்தன. இருண்டு கிடந்த மதிலோரத்தில் இளஞ்சிவப்புக் குஞ்சங்கள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. ஷ்யாமளா குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அந்த வாரமே காலனிப் பெண்கள் சங்கத்தை டீக்கு அழைத்தாள். மாமரத்தடியில் நாற்காலிகள் போடச் சொன்னாள். "நீ குழாய்ப் பக்கம் நின்னுக்கோ, கூப்பிட்டா வா" என்று ஆறுமுகத்தாயிடம் சொன்னாள்.

எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். இது பம்பாயில் எப்படி வந்தது என்று வயதான பார்சி அம்மாள் ஒருத்தி கேட்டாள். ஷ்யாமளா இங்கிலீஷில் விளக்கினாள். பத்து வருஷ பம்பாய் வாசத்தில் ஆறுமுகத்தாய்க்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். நான் புத்தகத்தில் படித்தேன், நான் மூன்று மாசம் ஃப்ரிட்ஜில் வைத்தேன், நான் நட்டேன் என்றாள் ஷ்யாமளா. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஆறுமுகத்தாய் குழாயடியிலிருந்து நடந்து வந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பார்சி அம்மாளிடம் சொன்னாள்:

"ஃப்ரிட்ஜ் மே நஹி, மேம்சாப். மச்சிவாலா பரஃப் கே ஊபர்."

ஃப்ரிட்ஜில் இல்லை, மீன்காரர்களின் ஐஸுக்கு மேலே. ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். இன்னொருத்தி நாற்காலியைச் செடியிடமிருந்து தள்ளிப் போட்டாள். ஷ்யாமளாவின் முகம் வெளுத்தது.

"ஆறுமுகத்தாய், உள்ளே போ."

"போறேம்மா. குப்பையில போடச் சொன்னது நீங்க. ஐஸுல வச்சது நான். அதச் சொல்லிட்டுப் போறேன்."

விருந்தாளிகள் போன பிறகு ஷ்யாமளா வந்து நின்றாள். "நாளைலேர்ந்து நீ வர வேண்டாம். எட்டுப் பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டே."

"நான் எங்க ஆக்குனேன்?" என்றாள் ஆறுமுகத்தாய். மண்வெட்டியை எடுத்துச் செடிகளை மண்கட்டியோடு பெயர்த்து இரும்புச் சட்டியில் அடுக்கினாள். வாசலில் காவல்காரன் மறித்தான். சாகேப் வீட்டுச் சாமான் வெளியே போகக்கூடாது என்று சட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். பங்களா ஜன்னல்கள் எதிலும் ஒரு தலையும் தெரியவில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினாள். இரண்டு நாள் அவள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. சொரிமுத்து கிங்ஸ் சர்க்கிள் வரை போய் இட்லி வாங்கி வந்தான்.

"ஒரு செடிக்காவட்டி இப்படிக் கிடக்க?"

"செடிக்கில்ல. பண்ணுனது நான், சொல்லிக்கிடுத நாக்கு மட்டும் அவுகளுதா?"

அவன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான்.

பதினைந்து நாளில் பங்களா டிரைவர் வந்து நின்றான். செடி வாடுகிறது, அம்மா கூப்பிடுகிறார்கள் என்றான். போக மாட்டேன் என்று கத்தினாள். அவன் கார் வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டான், பின்னாலேயே போய் ஏறிக்கொண்டாள். தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

செடிகளை வருகிறவர்கள் பார்க்க வேண்டுமென்று முன்வாசல் வெயிலில் தொட்டிகளில் வைத்திருந்தார்கள். இலைகள் அப்பளமாக நொறுங்கின. ஐந்து செத்திருந்தன.

"எவ வச்சா இத வெயில்ல?" என்று கேட்டாள். இந்தத் தடவை அவளை 'அம்மா' என்று கூப்பிடவில்லை.

"நீ திரும்ப வேலைக்கு வந்துடு" என்றாள் ஷ்யாமளா.

"வாறேன். அந்த எட்டுப் பேரையும் கூப்பிட்டு, இவதான் வளத்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாளைக்கே வாறேன்."

ஷ்யாமளா ஒரு தொட்டியிலிருந்து தீய்ந்த இலையைக் கிள்ளி எறிந்தாள். "அது முடியாது" என்றாள் கடைசியில். பிறகு காவல்காரனைப் பார்த்து, "அதை எடுத்துண்டு போகட்டும், விட்டுடு" என்றாள்.

உயிரோடிருந்த இரண்டையும் ஆறுமுகத்தாய் ஜமால் பாய் டிப்போவின் பின்சுவரோரம் வைத்தாள். வெயில் படாத இடம், ஐஸ் கரைந்த தண்ணீர் எந்நேரமும் கசியும். ஒன்று அந்த மழையில் போனது. மற்றதைத் திரும்பவும் ஐஸில் தூங்கவைத்து நட்டாள். அடுத்த ஏப்ரலில் அது ஒரே ஒரு குஞ்சம் விட்டது. மீன்காரிகள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் டிப்போவை இடித்துப் பட்டறை கட்டியபோது அதுவும் மண்ணோடு போயிற்று. அதற்கும் அவள் ஒரு பாட்டம் வைது தீர்த்தாள்.

பிறகு டிராம்பே பக்கம் ஒரு குடியிருப்பில் தோட்ட வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வரிசையில் நின்றவர்களில் அவள் ஒருத்திதான் பெண். குமாஸ்தா பெயர் கேட்டு எழுதிவிட்டு, வேலை என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முன்னால் நின்ற ஆண்களுக்கு அவர் எழுதிய எழுத்துகள் வேறு மாதிரி இருந்ததைக் கவனித்திருந்தாள்.

"என்ன எழுதுனீய?"

"கூலி."

"அவுகளுக்கு?"

"மாலி."

அவள் மேஜையை விட்டு நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். குமாஸ்தாவும் சத்தம் போட்டார். அவள் பதிலுக்குக் கத்தவில்லை, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்து நின்றாள். பத்து நிமிஷம் கழித்து அவர் பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தார். பக்கத்தில் புதிதாக எழுதியதை, பின்னால் நின்ற ஒருவனிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவள் விலகி வழிவிட்டாள்.