ஈர விரிப்புக்குப் பின்னால்

வாசகர் வட்டத்தில் அடுத்து நான்தான் வாசிக்க வேண்டும் என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினார்கள். மாதாமாதம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவள் நான். அப்போது பக்கத்திலிருந்த அக்காவின் சேலையிலிருந்து கஞ்சி வாசம் வந்தது.

அதே வாசம் நிறைந்த டோபிக் கடை ஒன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்சந்தில் இருந்தது; இப்போது அங்கே தங்கும் விடுதி. நான் சிறுமியாக இருந்தபோது அங்கே அம்மாவும் அவரோடு வேலை செய்த அஞ்சலை அக்காவும் கரிப்பெட்டியால் துணி தேய்க்க, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை நான் வாசிப்பேன். யாராவது முகத்தைப் பார்த்தால் எனக்குக் குரல் வராது என்பதால், கொடியில் தொங்கும் ஈரப் படுக்கை விரிப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, கரி வெடிக்கும் சத்தமும் பெட்டி மேசையில் விழும் சத்தமும் கேட்கக் கேட்க வாசித்துக்கொண்டே போவேன். கதை சூடு பிடித்தால் பெட்டிச் சத்தம் நின்றுவிடும்.

ஒருமுறை கருகிய நாற்றம் வந்தது.

“அஞ்சல, மருந்துக்கடை மொதலாளி சட்ட தீயுதுடி!” என்று அம்மா கத்தினார்.

“சட்ட கெடக்குலா! அந்தப் பொண்ணு கப்பல் ஏறுனாளா இல்லையா? நீ படி பாப்பா!”

“படிங்கக்கா, நாங்க என்ன கடிச்சா திங்கப் போறோம்?” என்றார் வட்டத்தை நடத்தும் தம்பி, தட்டிலிருந்த கறிபாப் பலகாரத்தைக் கையில் எடுத்தபடி.

புத்தகத்தை அந்த விரிப்பைப் போல முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தொடங்கினேன். முதல் பக்கம் முழுக்கக் குரல் நடுங்கியது. பிறகு நாற்காலிகளின் சத்தம் நின்றது. பக்கம் திருப்பும்போது எட்டிப் பார்த்தேன். தம்பியின் கறிபாப் வாய்க்குப் போகாமல் பாதி வழியிலேயே நின்றிருந்தது.

புத்தகத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.