ஆமென் வரைக்கும் பேசக் கூடாது

எங்கள் வீட்டில் சண்டை ஜெபத்தில்தான் நடக்கும். வெளியே குரல் உயர்த்தினால் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அழகில்லை என்பார் அப்பா. கடலூர் செம்மண்டலத்தில் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சீரியல் பார்க்கும் நேரத்தில் நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்து குடும்ப ஜெபம் செய்வோம். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு முறை. ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. என்ன பதில் இருந்தாலும் அவரவர் முறை வரும்போது ஆண்டவரிடம்தான் சொல்ல வேண்டும். முதலில் நான், அடுத்து அம்மா, கடைசியில் அப்பா. கடைசியில் ஜெபிக்கிறவர்தான் ஆமென் சொல்லி முடிப்பார் என்பதால் எந்தச் சண்டையிலும் அப்பாவே ஜெயித்தார். இந்த ஏற்பாட்டில் கடவுளுக்கும் பங்கு இருக்கிறது என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் கடலூரிலிருந்து பஸ். அங்கே மேலவீதியில் மொபைல் கடை வைத்திருப்பவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று ஐப்பசி மழையில் ஒருநாள் வீட்டில் சொன்னேன். அவர் இந்து. விவசாயக் குடும்பம். அவருடைய அம்மா அப்பாவுக்குச் சம்மதம். என் அப்பா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அம்மாவைக் கூப்பிட்டார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் மாலை மாற்றிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ரெஜிஸ்டர் ஆபீஸ் இருக்கிறதே என்று சிநேகிதிகள் சொன்னார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அப்பா வேண்டும்.

ஆனால் குடும்ப ஜெபத்தை அவரால் நிறுத்த முடியவில்லை. அதை நிறுத்தினால் ஆண்டவருக்கு யார் பதில் சொல்வது? அதனால் என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்ல ஆரம்பித்தார்.

“கிருபையுள்ள தகப்பனே, உம்முடைய பிள்ளை அந்நிய நுகத்துக்குக் கழுத்தை நீட்டுகிறாள்” என்று தூய தமிழில்தான் தொடங்குவார். கோபம் ஏற ஏற பாஷை இறங்கிவிடும். “சொன்னா கேக்க மாட்டேங்குறா ஆண்டவரே. செல்லம் ஜாஸ்தியா குடுத்தது இவ அம்மா.”

அம்மா கண்ணை மூடியபடியே பல்லைக் கடிப்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அப்பா ரிட்டையர் ஆனதிலிருந்து சனிக்கிழமைதோறும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்று இயேசுவைப் பற்றிய கைப்பிரதி கொடுப்பவர். சுண்டல் மடிக்கத்தான் அது பயன்படுகிறது என்று நான் சொன்னால் கோபம் வரும். ஒருநாள் என் முறையில் சத்தமாக ஜெபித்தேன். “ஆண்டவரே, சிதம்பரத்து ஆத்துமாக்களைக் கொண்டு வாங்கன்னு அப்பா வருஷக்கணக்கா கேக்குறாரு. ஒண்ணு தானா வீடு தேடி வருது. அதுக்கு ஏன் கதவ சாத்துறாருன்னு நீங்களே கேளுங்க.”

அன்றைக்கு அப்பாவின் ஜெபம் மிகவும் சுருக்கமாக இருந்தது.

அம்மாவின் ஜெபம் சமாதானக் கமிட்டி. குக்கர் விசிலுக்கு ஒரு காதைக் கொடுத்தபடியே, “அந்தப் பையன ஒருவாட்டி நேர்ல பாக்க இவுருக்கு மனசக் குடுங்க சாமி” என்று தினமும் கேட்டார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா இறங்கி வந்தார். அதுவும் மேலிடம் வழியாகத்தான். “ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சப்பறம் யாராவது வந்தா நான் ஒண்ணும் தொரத்த மாட்டேன் ஆண்டவரே.”

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆப்பிள் பை. எங்கே உட்கார வேண்டும், எதைப் பேசக் கூடாது என்றெல்லாம் பாடம் எடுத்து அனுப்பியிருந்தேன். அப்பா அவரிடம் உட்காருங்க என்று மட்டும் சொன்னார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அம்மா வைத்த மிக்சர் தொடுவாரில்லாமல் இருந்தது. தாங்க முடியாமல் அப்பா, “ஜெபிப்போம்” என்றார். எல்லோரும் கண்ணை மூடினோம்.

“தகப்பனே, எங்க வீட்டுக்கு வந்திருக்கிற இந்தத் தம்பிக்காக ஜெபிக்கிறோம். எங்க பொண்ணு புடிவாதக்காரி. கோவம் ஜாஸ்தி.”

“தெரியும் மாமா” என்று ஒரு குரல் கேட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தனை பாடத்தில் இதை மட்டும் சொல்லித்தர மறந்திருந்தேன். நடுவில் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடி, கை கட்டி, பயபக்தியோடுதான் உட்கார்ந்திருந்தார். அப்பா ஒருமுறை செருமினார். ஆனாலும் விடவில்லை.

“ஒத்தப் புள்ள ஆண்டவரே. அங்க போனா கோயிலுக்கு விடுவாங்களோ மாட்டாங்களோன்னு எனக்குத் தூக்கமே வரல.”

“ஞாயித்துக்கிழம கட லீவுதான் மாமா. நானே வண்டில கூட்டிட்டுப் போயி விடுறேன். எங்க தெருவுக்குப் பக்கத்துலயே ஒரு சர்ச்சு இருக்கு.”

அப்பா, கண்ணைத் திறக்காமலே, “எந்த சர்ச்சு?” என்றார்.

கடவுளுக்குத் தெரியாத சர்ச் இருக்காது. ஆகவே அது கடவுளிடம் கேட்ட கேள்வி இல்லை. வந்தவர் வழி சொன்னார். அங்கே பாட்டு நன்றாக இருக்காதே என்றார் அப்பா. கடை எப்படிப் போகிறது, அவர் அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று பேச்சு நீண்டது. எப்போது கண்ணைத் திறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று அப்பா என் பக்கம் திரும்பினார்.

“என்னா பாத்துகிட்டு ஒக்காந்திருக்க? தம்பிக்கு காபி போடு. சக்கர எவ்ளோன்னு கேட்டுப் போடு.”

அப்பா பேசினால் திருப்பிக் கொடுக்க ஆயிரம் பதில் சேர்த்து வைத்திருந்தேன். அடுப்படிக்குப் போய் அழுதேன். பின்னாலேயே அம்மா வந்து பாலை அடுப்பில் வைத்தார். ஜெபத்தை முடிக்கவே இல்லையே என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

“அம்மா, அப்பா இன்னும் ஆமென் சொல்லல.”

“சும்மா இருடி” என்றார் அம்மா. “இப்பதான் வாயத் தொறந்து பேசுறாரு. ஆமென் சொன்னா நிறுத்திடப் போறாரு.”